பட்டர் இறால்: தண்ணீர் விட்டு, ரப்பராகி, பட்டரும் பிரிந்துவிட்டது. எங்கே தவறு?

ஈசூன் அறைவாசி
செவ்வாய், இரவு 10.40

வணக்கம். சமையல் தெரிந்தவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

நான் சிங்கப்பூரில், ஈசூனில் வீவக வீடு (அரசு அடுக்குமாடி வீடு) ஒன்றில் அறை எடுத்து மூன்றரை வருடமாக இருக்கிறேன். வீட்டுக்காரர் 70 வயதைத் தாண்டிய சீன ஆண்டி, தனியாக இருக்கிறார். அறை பார்க்கப் போன அன்றே "லைட் குக்கிங் மட்டும்" என்று கறாராகச் சொல்லிவிட்டார். மசாலா தாளித்தால் அந்த வாசம் திரைச்சீலையில் ஏறி ஒரு வாரம் போகாதாம். சரி என்று ஒத்துக்கொண்டுதான் வந்தேன். முட்டை, மேகி, ரசம், ஞாயிறு என்றால் தயிர்சாதம், இப்படியே ஓடுகிறது. ஊரில் அம்மா சின்ன வெங்காயம் வதக்கி இறால் தொக்கு வைத்தால் தெருமுனை வரை மணக்கும். எங்கள் ஊர் அதிராம்பட்டினம் பக்கம், இறாலுக்குப் பஞ்சமில்லை. இங்கே அதை நினைத்துப் பார்ப்பதோடு சரி.

போன மாதம் எனக்கு நான்கு நாள் காய்ச்சல். ஆண்டி தினமும் இஞ்சியும் மீனும் போட்ட கஞ்சியை என் அறைக்கு வெளியே ஸ்டூலில் வைத்து, கதவை இரண்டு தட்டு தட்டிவிட்டுப் போய்விடுவார். எனக்கு அவர் பேசும் ஹொக்கியன் சீனமொழி தெரியாது, அவருக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான் வரும். இரண்டு பேருக்கும் பொதுவாக இருப்பது சந்தை மலாய். "சுடா மாக்கான்?" (சாப்பிட்டாச்சா?) என்பதோடு எங்கள் பேச்சு பெரும்பாலும் முடிந்துவிடும். காய்ச்சல் விட்ட பிறகு ஒருநாள், கீழே காப்பிக்கடையில் பட்டர் இறால் வாங்கி வந்து பாதியை எனக்கு வைத்தார். அவருடைய கணவர் இருந்தவரை மாதம் ஒருமுறை அதை வாங்கி வருவாராம். இப்போது விலை ஏறிவிட்டது, இறாலும் சின்னதாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டே ஓட்டைச் சப்பிச் சாப்பிட்டார்.

அதை என் கையால் செய்து அவருக்கு ஒருநாள் கொடுக்க வேண்டும். மசாலா வதக்கல் இல்லை, நிறைய புகையும் வராது, சீக்கிரம் முடியும் வேலை என்று நினைத்துத்தான் இறங்கினேன். ஆண்டி கோயிலுக்குப் போன நேரமாகப் பார்த்துப் போன சனிக்கிழமை ஒரு ஒத்திகை பார்த்தேன். பேரங்காடியில் உரித்த ஃப்ரோசன் இறால் 500 கிராம் பாக்கெட். அவசரத்தில் சுடுதண்ணீரில் போட்டுக் கரைத்தேன். வாணலியில் பாதி கட்டி பட்டர், நறுக்கிய பூண்டு, மொத்த இறால், எல்லாம் ஒன்றாகப் போட்டேன். ஒரே நிமிடத்தில் குளம் மாதிரி தண்ணீர். அது வற்றட்டும் என்று நின்றேன். வற்றியபோது இறால் பாதியாகச் சுருங்கி, கடித்தால் பல்லைத் தள்ளியது. மேலே மஞ்சள் எண்ணெய் மிதக்கிறது, அடியில் கருப்புப் பொட்டுகள், பூண்டு கசக்கிறது. அவ்வளவையும் நானே தின்றேன், வீணாக்க மனமில்லை.

என்னிடம் இருப்பது ஒரு சின்ன இண்டக்ஷன் அடுப்பு, 24 சென்டிமீட்டர் ஒட்டாத வாணலி ஒன்று, ஒரு கத்தி. வருகிற சனிக்கிழமை மதியம் 1 மணிக்கு வேலை முடியும். அன்று இரவுச் சாப்பாட்டுக்குச் செய்து கொடுக்கலாம் என்று இருக்கிறேன். எந்த இறால் வாங்குவது, எவ்வளவு நேரம் அடுப்பில் வைப்பது, பட்டர் ஏன் பிரிகிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


தேக்கா இறால்கடை
புதன், மதியம் 2.15

தம்பி, நான் 19 வருடமாக லிட்டில் இந்தியாவில் இருக்கிற தேக்கா சந்தையில் இறால் கடையில் நிற்கிறவன். சமையல் பகுதிக்கு வேறு யாராவது வருவார்கள். வாங்குகிற விஷயம் மட்டும் நான் சொல்கிறேன்.

உங்கள் வாணலியில் குளம் கட்டியதற்குப் பாதிக் காரணம் அந்தப் பாக்கெட். உரித்த ஃப்ரோசன் இறாலில் பல வகைகளை பாஸ்பேட் கலந்த தண்ணீரில் ஊறவைத்துத்தான் உறையவைக்கிறார்கள். தண்ணீரைப் பிடித்துவைத்து இறாலைப் பருமனாகக் காட்டும். சூடு பட்டதும் அதெல்லாம் வெளியே வரும். பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். இறால், உப்பு இரண்டைத் தவிர வேறு எதுவும் எழுதியிருந்தால் பட்டர் வறுவலுக்கு அது வேண்டாம், கறிக்குப் பரவாயில்லை. சுடுதண்ணீரில் போட்டதும் தப்பு. வெளிப்பக்கம் வெந்துவிடும், உள்ளே ஐஸ் அப்படியே இருக்கும். முதல்நாள் இரவே குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்துவிடுங்கள். மறந்துவிட்டால் பையோடு பச்சைத் தண்ணீரில் அரைமணி நேரம் போட்டால் போதும்.

ஆனால் ஆண்டிக்கு என்று செய்கிறீர்கள், புதிதாக வாங்குங்கள். சனிக்கிழமை 1 மணிக்கு வேலை முடித்து ஈசூனிலிருந்து வந்தால் நாங்கள் தரையைக் கழுவிக்கொண்டிருப்போம். விருந்தை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவைத்துவிட்டு அன்று காலையில் வாருங்கள். எம்ஆர்டி ரயிலில் டோபி காட் வந்து மாறினால் அடுத்த நிறுத்தமே லிட்டில் இந்தியா. திங்கட்கிழமை மட்டும் வந்து நிற்காதீர்கள், மீன்கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும்.

வாங்கும்போது இறாலின் நடு உடம்பைப் பிடித்துத் தூக்குங்கள். தலை தொங்கி ஆடினால் வேண்டாம். தலைக்கும் உடம்புக்கும் நடுவே கழுத்தில் கருப்பு ஓடியிருக்கிறதா, கால்கள் கருத்திருக்கின்றனவா பாருங்கள். மூக்கிடம் கொண்டுபோனால் கடல் வாசம் இருக்கலாம், மூத்திர வாடை இருக்கக்கூடாது. ஓடு வழவழவென்று வழுக்கினால் பழசு. பட்டருக்கு வெள்ளை இறால், அதாவது வன்னாமை, கிலோவுக்கு 40 நிற்கிற அளவு நன்றாக இருக்கும். பெரிய டைகர் இறால் பார்க்க அழகு, ஆனால் உங்கள் சின்ன வாணலியில் ஐந்துக்கு மேல் படுக்காது. அங் கா என்று சீனர்கள் சொல்கிற சிவப்புக்கால் கடல் இறால் கிடைத்தால் தலையில் ருசி அதிகம். கிடைக்கிற நாளில் எடுத்துவைக்கச் சொல்லுங்கள்.

ஐஸ் கேளுங்கள், கொடுப்போம். வீட்டுக்குப் போனதும் தலையைக் கிள்ளி வேறு பாத்திரத்தில் வைத்துவிடுங்கள். இறாலின் செரிமான உறுப்பு தலைக்குள் இருக்கிறது. செத்த பிறகு அதிலிருக்கிற நொதி உடம்புக்குள் இறங்கிச் சதையை மாவாக்கிவிடும். காலையில் வாங்கினது சாயங்காலம் கொழகொழவென்று ஆகிறது என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்கிற கேள்வியே தலையை எடுத்தீர்களா என்பதுதான்.


தோ பாயோ அக்கா
புதன், இரவு 9.05

தம்பி, உங்கள் பதிவைப் படித்துவிட்டு அடுப்படியை ஒதுக்கிவைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 61 வயது. மின்னணுத் தொழிற்சாலையில் 22 வருடம் ஷிப்ட் பார்த்தேன். மாலை 7 மணிக்கு வீட்டுக்குள் நுழைந்தால் பிள்ளைகள் இரண்டு பேரும் பசியில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பட்டர் இறால் என் கையில் வந்து சேர்ந்தது அந்த அவசரத்தில்தான். அதனால் சொல்கிறேன்: இந்தச் சாப்பாட்டில் இறாலை வறுப்பது ஐந்து நிமிடம்தான், ஆனால் அதற்கு முன்னால் கை வேலை அரைமணி நேரம் இருக்கிறது. நான் காலையில் வேலைக்குப் போகுமுன்பே அந்த அரைமணியைக் கழித்துவிட்டுத்தான் போவேன். அடுப்பைப் பற்றவைத்த பிறகு பூண்டு உரிக்கக்கூடாது, எலுமிச்சை தேடக்கூடாது. எல்லாம் சின்னச் சின்னக் கிண்ணத்தில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

அரைக் கிலோ இறாலுக்குச் சொல்கிறேன். தலையைத் தனியே எடுங்கள், தூக்கிப்போடாதீர்கள். உடம்பை உரித்து வாலை மட்டும் விட்டுவிடுங்கள். முதுகில் லேசாகக் கீறிக் கருப்புக் குடலை எடுத்துக் கழுவுங்கள். அரைத் தேக்கரண்டி உப்பைப் பிசறி, கால் மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். ஃப்ரோசன் இறால் என்றால் கால் தேக்கரண்டி சமையல் சோடாவும் சேர்த்துக்கொள்ளலாம், சதை விறைப்பாக நிற்கும், தண்ணீரும் குறைவாக விடும். அதற்கு மேல் போட்டால் சோப்பு வாசம் வந்துவிடும், ஜாக்கிரதை. அப்புறம் சமையல் காகிதத்தை விரித்து இறாலை அடுக்கி மேலே இன்னொரு காகிதம் வைத்து அழுத்துங்கள். காகிதம் நனைந்துவிடும். அதை எறிந்துவிட்டுப் புதுக் காகிதத்தில் மறுபடியும் அழுத்துங்கள். இரண்டாவது காகிதம் ஏறக்குறைய காய்ந்தபடி எழுந்து வர வேண்டும். இந்த ஒரு வேலையைச் சோம்பல்பட்டு விட்டீர்களானால் இறால் வறுபடாது, தன் தண்ணீரிலேயே அவியும்.

இனி தலை. ருசி முழுவதும் அங்கேதான் இருக்கிறது, கடையில் செய்கிற அவசரத்தில் இதைச் செய்யமாட்டார்கள். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், ஒரு சின்னத் துண்டு பட்டர், நடுத்தரச் சூடு. தலைகளையும் ஓடுகளையும் போட்டுக் கரண்டியின் முதுகால் ஒவ்வொரு தலையாக அழுத்துங்கள். முதலில் சாம்பல் நிறமாகக் கிடக்கும். அரை நிமிடத்தில் ஓரங்கள் சிவக்கும். அழுத்த அழுத்த உள்ளிருந்து செம்மஞ்சளாக ஒன்று கசிந்து பட்டரில் இறங்கும், வாணலி முழுவதும் சாமந்திப்பூ நிறமாகிவிடும். அந்த நிறம் பச்சை இறாலில் புரதத்தோடு கட்டுண்டு நீலமும் சாம்பலுமாகத் தெரிகிறது, சூடு பட்டதும் அவிழ்ந்து சிவப்பாகிறது. அது கொழுப்பில் கரைகிற சாயம், அதனால்தான் தண்ணீரில் அவித்தால் வராத நிறம் பட்டரில் வருகிறது. நான்கு நிமிடம் வதக்கி அரைக் கப் தண்ணீர் ஊற்றி ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள். ஐந்தாறு மேசைக்கரண்டி கிடைக்கும். அந்த ஐந்தாறு கரண்டிக்காகத்தான் இவ்வளவும்.

வாணலியைத் துடைத்துவிட்டு எண்ணெய் மட்டும் ஊற்றி நன்றாகச் சூடேற்றுங்கள். பட்டர் இப்போது வேண்டாம். பட்டரில் 80 விழுக்காடு கொழுப்பு, மீதி தண்ணீரும் பாலின் திடப்பொருளும். அந்தத் திடப்பொருள்தான் அதிகச் சூட்டில் கருகிப் பொட்டுப் பொட்டாகி உங்கள் பூண்டோடு சேர்ந்து கசந்தது. எண்ணெய் சூடானதும் இறாலில் பாதியை மட்டும், ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் பரப்புங்கள். ஒரு நிமிடம் தொடாதீர்கள். திருப்பிப் போட்டு அரை நிமிடம். பிறை நிலா மாதிரி வளைந்திருந்தால் வெந்துவிட்டது என்று அர்த்தம். தலைப்பக்கமும் வாலும் தொட்டு வளையல் மாதிரி ஆகிவிட்டால் மிஞ்சிவிட்டது. நடுவில் இன்னும் ஒரு கீற்று கண்ணாடி மாதிரி தெரிகிறபோதே தட்டுக்கு எடுத்துவிடுங்கள், மீதி தட்டிலேயே வெந்துவிடும். அப்புறம் அடுத்த பாதி.

இப்போது சூட்டைக் குறைத்து ஒரு துண்டு பட்டர், பொடியாக நறுக்கிய பூண்டு நான்கு பல், கறிவேப்பிலை இரண்டு இணுக்கு, கீறிய சிலி பாடி (சின்னக் காரமிளகாய்) ஒன்றோ இரண்டோ. பூண்டு வெள்ளையாக இருக்கும்போதே வடிகட்டிய சாற்றை ஊற்றுங்கள். அது பாதியாகச் சுண்டட்டும். அடுப்பை அணைத்துவிடுங்கள். பிறகுதான் முக்கியமான பட்டர்: 40 கிராம், குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த கெட்டிப் பட்டரைச் சின்னக் கட்டிகளாக வெட்டி, இரண்டிரண்டாகப் போட்டு வாணலியைச் சுழற்றிக்கொண்டே இருங்கள். பாயசம் போலக் கொஞ்சம் கெட்டியாகி மினுமினுக்கும். கொதிக்கிற வாணலியில் போட்டால் தண்ணீர் ஆவியாகி எண்ணெய் தனியாக நின்றுவிடும், உங்களுக்கு நடந்தது அதுதான். அப்படிப் பிரிந்தாலும் பயப்பட வேண்டாம், ஒரு கரண்டி தண்ணீர் ஊற்றி வேகமாகச் சுழற்றினால் பெரும்பாலும் சேர்ந்துவிடும். கடைசியில் இறாலைத் தட்டில் ஊறிய சாற்றோடு சேர்த்துப் புரட்டி, லீமாவ் காஸ்தூரி என்கிற குட்டி எலுமிச்சை இரண்டைப் பிழிந்து, மிளகு தூவி இறக்குங்கள்.

நான் எஸ்சிஎஸ் பட்டர்தான் வாங்குவேன், உப்புப் போட்டது. அதனால் கடைசியில் ருசி பார்க்கும்வரை வேறு உப்புச் சேர்க்கமாட்டேன். இண்டக்ஷன் அடுப்பைப் பற்றி ஒன்று: சின்ன அடுப்புகள் பலவும் சூட்டைக் குறைத்தால் விட்டு விட்டு வேலை செய்யும். சும்மா இருந்துவிட்டுத் திடீரென்று முழு வேகத்தில் சூடேறும், அந்த நொடியில் பூண்டு கருகும். சூடேறும்போது வாணலியைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள்.

தலையையும் ஓட்டையும் இரண்டு பை போட்டுக் கட்டி அன்றிரவே குப்பைக் குழாயில் போட்டுவிடுங்கள். ஆண்டி வாசத்துக்குக் கோபப்படுவது பட்டர் வாசத்துக்காக இருக்காது, மறுநாள் காலையில் குப்பைத் தொட்டியைத் திறக்கும்போது வருகிற வாசத்துக்காக இருக்கும்.


வாணலி 30
வியாழன், நள்ளிரவு 12.50

கடைச் சமையல்கட்டில் வேலை முடித்து இப்போதுதான் இறங்கினேன். அக்கா சொன்னது அருமையான முறை, தலைச் சாறு நானே வீட்டில் செய்வேன். ஆனால் ஆண்டி சாப்பிட்டது அது இல்லை. ச்சீச்சார் கடைகளில், அதாவது கேட்டதும் சமைத்துக் கொடுக்கிற சீனச் சாப்பாட்டுக் கடைகளில், பட்டர் இறால் என்றால் பெரும்பாலும் இரண்டு விதம். ஒன்று உலர்ந்தது: முட்டை மஞ்சள் கருவைச் சூடான பட்டரில் நூலாக ஊற்றிக் கிளறிப் பூப்பூவாக எடுத்து மேலே தூவுவது. நெஸ்டம் என்கிற தானியத் துகள் போட்டால் சீரியல் இறால். இன்னொன்று குழம்பாக இருப்பது: கறிவேப்பிலை, சிலி பாடி, அதோடு எவாப்பரேட்டட் பால், அதாவது சீனி சேர்க்காத சுண்டிய பால். காப்பிக்கடையில் கோப்பி சி என்கிற காப்பியில் ஊற்றுகிற அதே டின் பால்தான். ஆண்டி வாங்கி வந்தது எது என்று தெரிந்துகொள்ளுங்கள். குழம்பாக இருந்தது என்றால் அக்கா சொன்ன 40 கிராம் பட்டரில் பாதியைக் குறைத்துவிட்டு நான்கு மேசைக்கரண்டி டின் பால், அரைத் தேக்கரண்டி சீனி. பால் ஊற்றியபின் லேசாகக் கொதி வந்தால் போதும். எலுமிச்சையைத் தட்டில் வைத்துப் பிழியுங்கள், வாணலியில் பிழிந்தால் பால் திரியலாம்.

இன்னொன்று. "ஓட்டைச் சப்பிச் சாப்பிட்டார்" என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அப்படிச் சாப்பிடுகிறவருக்கு உரித்த இறால் கொடுத்தால் பாதி சந்தோஷம் போய்விடும். ஓட்டோடு செய்யுங்கள். முதுகு ஓட்டைக் கத்தரிக்கோலால் வால் வரை வெட்டிக் குடலை எடுத்துவிட்டால் குழம்பு உள்ளே இறங்கும், உரிக்கவும் சுலபம். கடையில் எண்ணெயில் பொரித்து எடுப்போம். வாடகை வீட்டில் அது வேண்டாம், வாணலி வறுவலே போதும், ஒவ்வொரு பக்கமும் அரை நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள்.


தோ பாயோ அக்கா
வியாழன், காலை 6.20

வாணலி தம்பி சொல்வது சரி. நான் பல்லை நினைத்து உரிக்கச் சொன்னேன், சப்பினார் என்ற இடத்தைக் கவனிக்கவில்லை. ஓட்டோடு செய்யுங்கள். தலைகள் தனியாக இருக்கின்றனவே, சாற்றுக்கு அவையே போதும். வால் நுனியில் கூராக ஒரு முள் இருக்கும், அதைக் கத்தரித்துவிடுங்கள், பெரியவர் வாயில் குத்தக்கூடாது.


செங்காங் மருமகள்
வியாழன், காலை 11.30

சமையலில் சேர்க்க எனக்கு ஒன்றுமில்லை. என் கணவர் வீட்டார் சீனர்கள், அதனால் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. ஆண்டி கோயிலுக்குப் போவார் என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் சாமி மாடம் இருக்கிறதா? சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் சைவம் சாப்பிடுகிற பெரியவர்கள் நிறையப் பேர். என் மாமியாரும் அப்படித்தான். முதல் வருடத்தில் நான் ஆசையாகக் கோழிக்கறி வைத்து அவர் முன்னால் கொண்டுபோய் நீட்டினேன். அவர் திட்டவில்லை, வெறும் சோறும் கீரையும் எடுத்துக்கொண்டார். அந்தத் தட்டு இன்னும் என் கண்ணில் இருக்கிறது. நாள் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், இந்த வயதில் கௌட் என்கிற மூட்டுவீக்க நோய் இருந்தால் மருத்துவர் இறாலைக் குறைக்கச் சொல்லியிருப்பார். அதையும் நாசூக்காகக் கேட்டுவிடுங்கள்.


ஈசூன் அறைவாசி
வியாழன், இரவு 11.10

எல்லாருக்கும் நன்றி. செங்காங் அக்கா, உங்களுக்குத் தனியாக. சமையலறைச் சுவரில் தினம் ஒரு தாள் கிழிக்கிற சீன நாள்காட்டி தொங்குகிறது. மூன்றரை வருடமாகப் பார்க்கிறேன், சிவப்பு எண்களைத் தவிர எதையும் கவனித்ததில்லை. இன்று ஆண்டியிடம் சனிக்கிழமைத் தாளைத் தூக்கிக் காட்டிக் கேட்டேன். பத்து விரலையும் விரித்து, பிறகு ஐந்தைக் காட்டினார். "மாக்கான் சாயோர்" என்றார். பதினைந்தாம் நாள், காய்கறி மட்டும். நான் கேட்காமல் இருந்திருந்தால் அன்றைக்குத்தான் இறால் வைத்திருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை என்று முடிவாகிவிட்டது. கௌட் இல்லை, முழங்கால் வலி மட்டும்தான். கடையில் வாங்கியது குழம்பாகத்தான் இருந்தது, வெளிர் மஞ்சள் நிறம், கறிவேப்பிலை இருந்தது. எனவே டின் பால் முறை. கறிவேப்பிலைக்கு அலையவும் வேண்டாம், மூன்றாவது வீட்டு வாசலில் மலாய்க்கார அம்மா தொட்டியில் வளர்க்கிறார், கேட்டால் கொடுப்பார்.


ஈசூன் அறைவாசி
ஞாயிறு, இரவு 9.45

செய்துவிட்டேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

காலை 7.30-க்குத் தேக்காவில் இருந்தேன். எந்தக் கடை அண்ணனுடையது என்று தெரியாததால் கூட்டம் இருந்த கடையாகப் பார்த்து நின்றேன். நடு உடம்பைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தேன். தலை ஆடவில்லை. வெள்ளை இறால் 600 கிராம், 10 வெள்ளி (டாலர்) 80 காசு, எண்ணிப் பார்த்தால் 23. ஐஸ் கேட்டு வாங்கினேன். வீட்டுக்கு வந்ததும் தலையைக் கிள்ளி எடுத்துவிட்டேன்.

சாயங்காலம் தலைகளை வதக்கியபோது ஆண்டி சமையலறை வாசலில் வந்து நின்றார். திரைச்சீலை நினைவுக்கு வந்து எனக்குக் கை நடுங்கியது. அவர் ஒன்றும் சொல்லாமல் சன்னலை முழுதாகத் திறந்துவிட்டு, என் கையிலிருந்த கரண்டியை வாங்கி, தலைகளை ஒவ்வொன்றாக அழுத்த ஆரம்பித்தார். நான் அழுத்தியதைவிட இரண்டு மடங்கு பலமாக. அக்கா சொன்ன சாமந்திப்பூ நிறம் வந்தது, அவர் கையால் வந்தது.

இறாலை மூன்று தடவையாக வறுத்தேன், ஓட்டோடு எட்டுக்கு மேல் வாணலியில் படுக்கவில்லை. முதல் தடவை சரியாகப் பிறை நிலாவாக வந்தது. இரண்டாவது தடவையில் நான் சிலி பாடியைத் தேடிக்கொண்டிருந்தேன், மூன்று இறால் வளையலாகிவிட்டன. கிண்ணத்தில் எடுத்துவைக்க மறந்த ஒரே பொருள் அதுதான். அந்த மூன்றையும் என் தட்டில் போட்டுக்கொண்டேன். கெட்டிப் பட்டரைப் போட்டபோது ஓரத்தில் எண்ணெய் பிரியத் தொடங்கியது, இண்டக்ஷனை அணைத்தாலும் வாணலி சூடாகவே இருந்தது. ஒரு கரண்டி தண்ணீர் ஊற்றிச் சுழற்றினேன், சேர்ந்துவிட்டது. அதன்பின் பால், சீனி, ஒரு கொதி.

ஆண்டி சோறு வேண்டாம் என்று கீழே போய் ரொட்டி வாங்கி வந்தார். எட்டு இறால் சாப்பிட்டார். ஓடுகளைத் தட்டின் ஓரத்தில் வரிசையாக, எல்லா வாலும் ஒரே பக்கம் பார்க்கும்படி அடுக்கினார். குழம்பை ரொட்டியால் துடைத்துச் சாப்பிட்டுவிட்டு "சேடாப்" (ருசி) என்றார். கணவரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நான்கு இறாலை எடுத்துச் சின்ன மூடியுள்ள டப்பாவில் போட்டு நாளைக்கு என்று வைத்துக்கொண்டார்.

பிறகு என்ன விலைக்கு வாங்கினாய் என்று கேட்டார். சொன்னேன். நாக்கைச் சப்புக்கொட்டித் தலையை ஆட்டினார். அடுத்த ஞாயிறு தானும் தேக்காவுக்கு வருவதாகவும், நான் வாய் திறக்காமல் பையைப் பிடித்துக்கொண்டு நின்றால் போதும் என்றும் சொல்லிவிட்டார். இறால்கடை அண்ணன், 7 மணிக்குக் கடை திறந்திருக்குமா? அவரால் ரொம்ப நேரம் நிற்க முடியாது.


தேக்கா இறால்கடை
ஞாயிறு, இரவு 10.20

6.30-க்கே இருப்போம் தம்பி. கூட்டம் சேர்வதற்குள் அழைத்து வாருங்கள். வந்ததும் ஈசூன் என்று சொல்லுங்கள், உட்கார ஸ்டூல் போட்டு வைக்கிறேன். அங் கா வந்தால் ஒரு கிலோ எடுத்துவைத்திருப்பேன். விலையை ஆண்டியே பேசட்டும்.